மனைவியின் கையெழுத்து

பிப்ரவரி 6

கண்ணாடிக்காரிக்கு,

போன வாரம் போனில் ஆரம்பித்து, நீ ஒன்று சொல்ல நான் ஒன்பது சொல்ல, கடைசியில் பட்டென்று வைத்தது நான்தான். இந்த விஷயத்தை இனிப் போனில் பேசுவதாக இல்லை. எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதற்காகவே இத்தனை வருஷம் கழித்துத் தாளும் பேனாவும் தேடி எடுத்தேன்.

நேராகவே கேட்கிறேன். என் தம்பி குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறான் என்பதை நான் சித்தி மகள் வாயாலா கேட்க வேண்டும்? "உனக்குத் தெரியாதாக்கா? ஃபாரம் எல்லாம் வாங்கிட்டு வந்துட்டானாமே" என்கிறாள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. "தெரியுமே, நான்தான் யார்கிட்டயும் சொல்லலை" என்று சமாளித்தேன். அவள் நம்பவில்லை.

அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயசு, எனக்குப் பதினேழு. அன்றைக்கு இடுப்பில் தூக்கியவள் இன்னும் இறக்கவில்லை. ஆறடி வளர்ந்தாலும் எனக்கு அவன் பொடிசுதான். அவன் செய்வது உட்கார்ந்து எழுதுகிற வேலையா? லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறான், இருபது மாடி ஏறி மோட்டார் கழற்றுகிறான், ஆள் கனத்துக்கு இரும்பு தூக்குகிறான். அடிவயிற்றில் கத்தி வைத்த ஆம்பளை அப்புறம் எதைத் தூக்குவான்?

இதையெல்லாம் பொம்பளைகள் செய்துகொள்வதுதானே வழக்கம். நான் செய்துகொள்ளவில்லையா? செத்தா போய்விட்டேன்?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. நாளைக்கு உனக்கே ஏதாவது ஆகிவிட்டால்? அவனுக்கு வயசு முப்பத்தி நாலுதான்.

எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

அவன் அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்ணாடிக் கடையில் வைத்துத்தான் படித்தேன். வாடிக்கையாளர் ஒருவரை உட்காரவைத்து, சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, "மூணாவது வரி தெரியுதா சார்?" என்று கேட்க வேண்டியவள், 'நாளைக்கு உனக்கே ஏதாவது ஆகிவிட்டால்' என்ற வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தானாகவே நாலாவது, ஐந்தாவது வரி வரைக்கும் படித்து முடித்துவிட்டார்.

அந்த வரியை விட்டுவிடுகிறேன். மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

சின்னவன் பிறந்தபோது எனக்கு என்ன ஆயிற்று என்பதை உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. பயப்படுவீர்கள் என்று இவர்தான் தடுத்துவிட்டார். கடைசி மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இவர் இரண்டு நாள் வராந்தாவில் நின்ற இடத்திலேயே நின்றார் என்று நர்ஸ் பிறகு சொன்னார்.

சின்னவனுக்கு இப்போது பத்து மாதம். ஏதாவது ஏற்பாடு செய்தே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார். நாங்கள் கடையில் ஃபிரேம் காட்டுவது போல ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். சாதாரண மாத்திரை என் ரத்த அழுத்தத்துக்கு ஒத்துவராது. காப்பர் டி பத்து வருஷம் வரும். ஆனால் மாதாமாதம் போக்கு அதிகமாகலாம், எனக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. ஹார்மோன் வைத்த லூப் ஒன்று இருக்கிறது, ஐந்து வருஷத்துக்குக் குறையாது, அதில் போக்கும் குறையும். கைத்தோலுக்கு அடியில் வைக்கிற தீக்குச்சி மாதிரி ஒன்று, மூன்று வருஷம். இவையெல்லாம் வேண்டாமென்றால் எடுத்துவிடக் கூடியவை. நிரந்தரம் என்றால் எனக்கோ அவருக்கோ ஆபரேஷன்.

ஆண்களுக்குச் செய்வதில் வயிற்றைத் தொடுவதே இல்லை, அண்ணி. மரத்துப்போக ஊசி போட்டு, கீழே சின்னதாக ஒரு துளை. அரைமணி நேர வேலை, அன்றைக்கே வீடு. ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது, பிறகு எப்போதும் போலத்தான். பலமும் போகாது, மற்றதும் போகாது. உடனே பலிக்காது என்பது ஒன்றுதான் குறை. மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை செய்து பார்க்கும் வரை வேறு பாதுகாப்பு வேண்டும்.

இவருடைய கூட்டாளிகளும் உங்களைப் போலத்தான். லிஃப்டுக்கு எதிர்ப்பாரமாகத் தொங்குகிற இரும்பைச் சொல்லி ஒருவர் கேட்டாராம்: "டேய், கவுண்டர்வெயிட்டைக் கழட்டிட்டு லிஃப்ட் ஓட்டப் போறியா?" அதற்கு இவர், "ஒரு ஒயர்தான்டா கட் பண்றாங்க. மோட்டார், பெட்டி எல்லாம் அப்படியே ஓடும்" என்றாராம். சொல்லிவிட்டு அவரே ரொம்ப நேரம் சிரித்தார்.

ஃபாரம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே இருக்கிறது. எல்லாக் கட்டத்தையும் அழகாக நிரப்பிவிட்டார். 'மனைவியின் கையெழுத்து' என்ற ஒரே ஒரு கட்டம்தான் இரண்டு வாரமாகக் காலியாக இருக்கிறது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

பெரியவள் அத்தையைக் கேட்டாள்.

உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 24

கண்ணாடிக்காரிக்கு,

நாலு பாட்டில் ரத்தம் என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். நான் அங்கே வந்து ஐந்து நாள் இருந்தேனே, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையே. நல்ல ஜோடி நீங்கள்.

அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்டால் அழிந்துவிடப் போவதில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

கவுண்டர்வெயிட் கதையை என் வீட்டுக்காரருக்கு, அதுதான் உன் அண்ணனுக்கு, படித்துக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தவர் திடீரென்று நிறுத்திவிட்டு டீவி பக்கம் திரும்பிக்கொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். உனக்கும் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு நாலாவது பிறந்த மறுநாள். மயக்கம் முழுசாகத் தெளியவில்லை, கண்ணுக்கு முன்னால் கூரை மிதக்கிறது. ஒரு அம்மா அட்டையில் செருகிய தாளை நீட்டினாள். "வீட்டுக்காரர் போட்டுட்டாரு. நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கம்மா." எதுக்கு என்றேன். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள். போட்டேன். சாயங்காலம் கண்ணைத் திறந்தபோது வயிற்றில் தையல் இருந்தது. உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "இனிமே உனக்கு ஒரு தொல்லையும் இல்லை" என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை. அவருக்கு மனசில் பட்ட நல்லது அது.

நாற்பதாவது நாள் ஓட்டல் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். நீராவியும் போர்வை மூட்டைகளும் அப்படியே இருந்தன. எனக்கு அஞ்சாவது வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கக்கூட இல்லை. யோசிக்க என்ன மிச்சம் இருந்தது?

அதனால்தான் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு எரிந்தது என் தம்பிக்கு ஆபரேஷன் என்பதால் இல்லை. உன்னிடம் ஒருத்தன் வந்து, நான் செய்துகொள்ளட்டுமா, உனக்குச் சம்மதமா என்று கேட்டிருக்கிறானே, அது எரிந்தது. நாற்பத்தி மூணு வயசில் தம்பி பொண்டாட்டி மேல் பொறாமை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. கூடை நிறைய வெள்ளைத் துணியில் கறை எங்கே இருக்கிறது என்று பத்தடி தள்ளி நின்று சொல்கிறவள் நான். உன் கடிதத்தில் எல்லாம் வெள்ளையாக இருக்கிறது, அந்த ஒரு கட்டத்தைத் தவிர. இரண்டு வாரமாக ஏன் கையெழுத்துப் போடவில்லை?

அவன் அக்கா


மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்தத் தாள், அந்த ஆரஞ்சு. பக்கத்தில் இருந்திருந்தால் சும்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நீங்கள் என்மேல் பொறாமைப்பட வேண்டாம். அவர் என்னைக் கேட்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் வேலையிலிருந்து சீக்கிரமே வந்தார். கையில் ஃபாரம், எல்லாம் நிரப்பியாகிவிட்டது. "முடிவு பண்ணிட்டேன். நீ இனிமே ஒண்ணும் முழுங்க வேண்டாம், ஒண்ணும் வெச்சுக்க வேண்டாம். போதும் நீ பட்டது" என்றார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தலையைத் தடவிக் கொடுத்தார்.

கடையில் சொன்னால், "இப்படி ஒரு புருஷனா? தங்கம்டி" என்கிறார்கள். தங்கம்தான். தங்க ஊசி என்பதற்காகக் கண்ணில் குத்திக்கொள்ள முடியுமா?

எனக்கு முப்பத்தி ஒன்று. இன்னொரு குழந்தை வேண்டும் என்று சொல்லவில்லை. வேண்டவே வேண்டாம் என்றும் இன்னும் சொல்ல வரவில்லை. சில நாள் சின்னவன் தூங்கும்போது இதுவே போதும் என்று இருக்கிறது. சில நாள் அப்படி இல்லை. டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: "இப்போதைக்குக் கூடவே கூடாது. மூணு வருஷம் போகட்டும். அப்புறம் ஆசைப்பட்டா முதல்ல என்கிட்ட வாங்க, எல்லாம் பரிசோதிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன். ஆபத்து இல்லைன்னு சொல்ல மாட்டேன், கவனமா இருந்தா வழி இருக்கு." பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் தம்பி காதில் விழுந்தது 'ஆபத்து' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி உலர்த்தும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "கொஞ்ச நாள் பொறுத்துச் செய்யலாமே" என்றேன். அவர் கையில் இருந்த சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் தண்ணீரே இல்லை. அப்புறம் சொன்னார். அதை உங்களிடம் எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

"எங்கம்மா காய்ச்சல்ல போகலை. அக்காதான் அப்படிச் சொன்னா. நான் அன்னைக்குக் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். குழந்தை அழவே இல்லை. அப்புறம் அம்மா சத்தமும் நின்னு போச்சு. அக்கா கையைக் கழுவிட்டு வெளிய வந்தா. முழங்கை கழுவலை. 'அம்மாவுக்குக் காய்ச்சல்டா பொடிசு'ன்னா. நான் நம்பின மாதிரியே இருந்துட்டேன். அவ பாவம்."

அதற்குப் பிறகு நான் எப்படி 'ஆனாலும்' என்று ஆரம்பிப்பேன், சொல்லுங்கள்.

நான் எழுதியது அவருக்குத் தெரியாது.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 12

கண்ணாடிக்காரிக்கு,

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பல்வலி என்று சொல்லி அனுப்பினேன்.

இருபத்தாறு வருஷம். அவனுக்குத் தெரியக் கூடாது என்று நான் காத்தேன். தனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியக் கூடாதென்று அவன் காத்திருக்கிறான். எட்டு வயசுப் பிள்ளைக்கு 'அவ பாவம்' என்று தோன்றியிருக்கிறது. நான் அவனைத் தூக்கி வளர்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே.

அழுது முடித்துவிட்டேன். இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதே. நான் மயக்கத்தில் போட்டேன். நீ முழிப்போடு அதையே செய்யாதே. அந்தக் காலத்து அம்மாவுக்கு டாக்டரும் இல்லை, ரத்தமும் இல்லை, இந்த லூப்பும் இல்லை. அவளுக்கு அது ஆறாவது பேறு, நடுவே மூன்று தங்கவில்லை. யாராவது ஒருத்தர் அவளிடம் 'போதுமா?' என்று கேட்டிருந்தால் அன்றைக்கு அந்தக் கதவே சாத்தியிருக்காது. உன் கதை வேறு. அது பொடிசுக்குப் புரிய வேண்டும்.

அம்மா விஷயத்தை நான் அவனிடம் பேசுகிறேன். நீ எழுதினாய் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். சண்டை வந்தால் என் தலையில் போட்டுவிடு, இது தாங்குகிற தலை. உன் விஷயத்தை நான் பேச மாட்டேன். நீதான் பேச வேண்டும். உனக்காக நான் வாயைத் திறந்தால், வேறொருத்தி கையெழுத்தை நான் போட்டது போல ஆகிவிடும்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உடனே எழுதவில்லை என்று திட்டியிருப்பீர்கள். எழுதுவதற்கு முன் ஒன்று முடிய வேண்டியிருந்தது. முடிந்தது.

நீங்கள் போன் செய்த அன்று இவர் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். முக்கால் மணி நேரம். இங்கே எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. திரும்பி வந்து முகம் கழுவினார், மறுபடியும் கழுவினார். "எங்கக்கா அழுது நான் பார்த்ததே இல்லை. இன்னைக்குக் கேட்டுட்டேன்" என்றார். அடுத்த நிமிஷமே, "உன்னை யாரு எழுதச் சொன்னது?" என்றார்.

இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. எல்லாம் பெரியவள் வழியாகத்தான். "அம்மாகிட்ட உப்பைக் கேளு." "அப்பாகிட்ட உப்பு அவர் முன்னாடியே இருக்குன்னு சொல்லு." மூன்றாம் நாள் பெரியவளே, "நான் பள்ளிக்கூடம் போகணும், நீங்களே பேசிக்கங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று இருவருக்கும் விடுமுறை. ஃபாரத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன்.

"நான் நல்லதுதானே செய்றேன்?" என்றார்.

"நல்லதுதான். என்னைக் கேட்டீங்களா?"

ஃபாரத்தை மேஜையில் நேராக நகர்த்தி வைத்தார். பிறகு, "கேட்டா நீ வேற ஏதாவது சொல்லிடுவியோன்னு பயம்" என்றார்.

"வேற ஏதோதான் சொல்லப்போறேன். இப்பவே நிரந்தரமா வேண்டாம். அஞ்சு வருஷம் எனக்கு யோசிக்க வேணும். அந்த அஞ்சு வருஷமும் ஒண்ணும் ஆகாம இருக்கறதுக்கு வழி இருக்கு."

"மறுபடியும் எல்லாம் உன் உடம்புலதானா?"

"ஆமா. ஆனா இது நானா எடுத்த முடிவு."

அவருக்கு அது பிடிக்கவில்லை, அண்ணி. பிடித்ததாக நடிக்கவும் இல்லை. மறுநாள், "எனக்கு டாக்டரம்மாகிட்டச் சில கேள்வி இருக்கு" என்றார். லிஃப்ட் சோதிக்கப் போகும்போது எழுதுவது போல ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். லூப் நழுவினால் எப்படித் தெரியும்? தோற்றுப்போக எத்தனை வாய்ப்பு? உள்ளே புண்ணாகுமா? ரத்த அழுத்தம் ஏறுமா? டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நூறு பேரில் ஒருத்திக்குக்கூடத் தோற்காது. லூப்பின் முனையில் தொங்குகிற நூலைப் பார்த்து இடத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். ஜுரமோ தாங்காத வலியோ வந்தால் காத்திருக்காமல் வர வேண்டும். முதல் சில மாதம் கண்ட கண்ட நாளில் கொஞ்சம் திட்டுத் திட்டாகப் படும், பயப்பட வேண்டாம். என் ரத்த அழுத்தத்துக்கு இது ஒத்துவரும். கடைசிக் கேள்வியை இவர் படிக்காமல் தாளை மடித்தார். டாக்டரம்மாவே கேட்டார்: "இன்னொண்ணு இருக்கு போலிருக்கே?"

"இவ செத்துட மாட்டாளே?" என்றார்.

"இதனால சாக மாட்டாங்க" என்றார் டாக்டரம்மா. சிரிக்காமல் சொன்னார். அது எனக்குப் பிடித்தது.

போன செவ்வாய்க்கிழமை லூப் வைத்துக்கொண்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு முறை அடிவயிற்றைப் பிடித்து முறுக்கியது போல வலித்தது, அவ்வளவுதான். இவர் உள்ளே வந்து தலைமாட்டில் நிற்கிறேன் என்று அடம்பிடித்தார். பாதியில் நர்ஸ், "சார், நீங்க உக்காருங்க. படுத்திருக்கிறவங்க நல்லாத்தான் இருக்காங்க, உங்களுக்குத்தான் முகம் வெளுத்துப்போச்சு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

ஃபாரத்தைக் கிழிக்கவில்லை. வாஷிங்மெஷின் உத்தரவாதச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் இருக்கிற உறையில் வைத்தார். "இதுக்கு நான் இன்னும் தயார்தான். எப்பன்னு நீ சொல்லு" என்றார். முதல் தடவையாகக் கேட்டார்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மாதக் காலண்டரில் என்னைவிட அவர்தான் அதிகம் கண் வைத்திருக்கிறார்.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 20

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு. பொடிசு காலண்டரைப் பார்க்கட்டும், நீ தட்டைப் பார். அடுத்த மாதம் நாலு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன், கிடைத்தால் வருகிறேன். அவனோடு மாடிப்படியில் உட்கார்ந்து பேச வேண்டியது இன்னும் இருக்கிறது. போனில் பேசுவதில்லை என்று ஆரம்பத்தில் எழுதினேன், அதை மறந்துவிடு. வந்து சேர்கிற வரைக்கும் தினமும் பேசுவேன்.

உன் கடிதத்தை உன் அண்ணனுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். 'என்னைக் கேட்டீங்களா' என்ற இடம் வந்தபோது டீவியை அவரே நிறுத்தினார். நான் படித்து முடித்த பிறகும் போடவில்லை. அப்புறம் கேட்டார்: "அன்னைக்கு ஆஸ்பத்திரியில உன்னைக் கேட்டிருந்தா, வேண்டாம்னு சொல்லியிருப்பியா?"

பதினைந்து வருஷம் கழித்துக் கேட்கிறார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவரும் அவசரப்படுத்தவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். சலவைக்கூடத்து இஸ்திரி உருளையில் போர்வை ஓடும்போது யோசித்தேன், பஸ்ஸில் யோசித்தேன். நாலு பிள்ளை, இரண்டு அறை வீடு, என் முதுகு, எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். நேற்றுக் காலையில் வீட்டுப் போர்வையை மடிக்க அவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு முனை, நான் ஒரு முனை.

"சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றேன்.

அவருக்கு மூச்சு வந்தது. "அதானே" என்று சொல்ல வாயெடுத்தார்.

"ஆனா, அதை நானே சொல்லியிருப்பேன்" என்றேன்.

அவர் தன் முனையை விடாமல் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

உன் அண்ணி